பந்தக்கால் பிடித்த கை

வீரபத்திரனுக்கு ஐம்பத்தாறு வயது. அவர் தாயி என்று கூப்பிடும் மொழியம்மைக்கு நாற்பத்திரண்டு. குரு சின்னவர், சீடர் பெரியவர். ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. வீரபத்திரன் மீசையைத் தடவிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார். சிரிப்பு நின்றுவிடும்.

மலையடிவாரத்தில் இருந்தது அம்மையின் மடம். மடம் என்றால் ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம். அம்மையின் முழுப் பெயர் குழல்வாய்மொழி. நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிறவருக்கு அப்படி ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலத்தில் வீரபத்திரன் வந்தார். அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"தாயி, ஒரு கேள்வி."

"உக்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை.

"உள்ளதச் சொல்லிச் சத்தியம் பண்ணினா பாவம் உண்டா?"

"எங்க பண்ணப் போறீங்க?"

"சுடலைமாடன் கோயில்ல. நாளைக் காலையில. கற்பூரத்த அணைச்சு."

கீரை உருவிய கை நின்றது. அந்தப் பக்கத்தில் கோர்ட்டில் பொய் சொன்னவர்கள் நிறையப் பேர். சுடலைமாடன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துப் பொய் சொன்னவர் ஒருவர்கூட இல்லை என்பார்கள். அணைத்துவிட்டால் வழக்கு அதோடு முடிந்தது. எதிராளி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"என்னன்னு சொல்லி அணைப்பீங்க?"

"என் வேலையில குறை இல்லன்னு."

"குறை இல்லியா?"

"இல்ல." வீரபத்திரன் குரல் உயர்ந்தது. "கொத்தனாரா இருந்து காண்ட்ராக்டர் ஆனவன் நான். பதினெட்டு வருஷமாச்சு. நான் போட்ட தளத்துல ஒரு சொட்டு இறங்கினதுன்னு எவனும் சொன்னதில்ல. இந்த டீச்சர் சொல்லுதாங்க. மார்க்கெட்டுல வச்சு, நாலு பேர் முன்னால, பாதி சிமிண்ட முழுங்கினவன்னு சொல்லுதாங்க."

டீச்சர் என்றது கனகமணியை. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று, போன தை மாதம் வீரபத்திரன் கையால் வீடு கட்டிக் குடி வந்தவர். வேலை நடந்தபோது அவருக்கு வீரபத்திரன் அண்ணாச்சி. மழையில் வீடு ஒழுக ஆரம்பித்த பிறகு வெறும் "கொத்தனாரே" என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லில் வீரபத்திரன் பாதி வெந்திருந்தார்.

"எங்க ஒழுகுது?" என்று அம்மை கேட்டார்.

"பின் ரூம்புல. சார் படுத்திருக்க எடத்துல."

சார் என்பது டீச்சரின் கணவர். பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகிறது. வலது பக்கம் அசையாது, பேச்சும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். இந்த மழைக்கு அந்தக் கூரை அவர் மேலேயே சொட்டியது. கட்டிலை இரண்டு முறை நகர்த்தினார்கள். ஈரம் பின்னாலேயே வந்தது.

"நீங்க போயிப் பாத்தீங்களா?"

"பாக்காம? அது என் வேலையால வந்ததில்ல தாயி. அந்தம்மா செஞ்ச வேலை. ஆவணியில மூத்த பொண்ணு கல்யாணம். பந்தக்கால் நாட்டணும். வீட்டச் சுத்தி ஒரு பிடி மண் கிடையாது, மதில் வரைக்கும் காங்கிரீட்டு. பந்தக்கால எங்க நாட்டினாங்க தெரியுமா? மொட்ட மாடியில."

சொல்லிவிட்டு, அம்மை ஆச்சரியப்படுவதற்காகக் காத்திருந்தார். அம்மை ஆச்சரியப்படவில்லை.

மதில் வரைக்கும் காங்கிரீட் வேண்டும் என்று சொன்னது டீச்சர். போட்டது வீரபத்திரன். கல்யாணம் என்று வந்தால் ஒரு குழி மண் வேண்டும் என்பது அன்று இருவருக்குமே தோன்றவில்லை.

"தளத்து மேல பதிச்ச தட்டோட்ட உளியால கொத்தி எடுத்து, அடியில சுண்ணாம்பு ஜல்லியத் தோண்டி, நாலு விரக்கடை ஆழத்துக்குக் குழி. அதுல பால ஊத்தி, நவதானியம் போட்டு, ஒரு செப்புக் காசயும் போட்டு கம்ப நாட்டினாங்க. நாலு விரக்கடையில கம்பு எப்படி நிக்கும்? ஆடிச்சு. சுத்திச் செங்கல அடுக்கியும் ஆடிச்சு. ஆரத்தி எடுத்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே நிக்கவேண்டியதாப் போச்சு. கல்யாணம் முடிஞ்சு மேலாப்புல சிமிண்டப் பூசி மூடிட்டாங்க. மழை வந்தா அது எங்க போகும்? கீழதான் போகும்."

அம்மை கீரைக் காம்பை ஓரமாகப் போட்டார்.

"ஆடின கம்ப யாரு பிடிச்சா?"

வீரபத்திரன் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிணற்றடியில் ஒரு காகம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

"அண்ணாச்சி."

"நான்தான்." அவர் தலையைக் குனியவில்லை. "வீடு கட்டின கை, நல்ல கை, நீங்கதான் பிடிக்கணும்னு டீச்சர் வேட்டி துண்டு வச்சுக் கூப்பிட்டாங்க. போனேன்."

"குழியப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"ஒழுகும்னு தெரியும்."

"தெரியும். அதுக்கு? நல்ல காரியம் நடக்க எடத்துல, பொண்ணு தலை நிறையப் பூ வச்சு நிக்கும்போது, ஐயோ வீடு ஒழுகுமேன்னு சொல்லச் சொல்லுதீங்களா? அபசகுனம் பேசினான்னு காறித் துப்ப மாட்டாங்களா?"

"அன்னைக்குச் சரி. பெறவு?"

"பெறவு அவங்க கேக்கல, நான் சொல்லல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அம்மை கீரையை முறத்தில் பரப்பினார்.

"நாளைக்குக் கற்பூரத்த எந்தக் கையால அணைப்பீங்க?"

"வலது கையால. வேற எந்தக் கையால அணைப்பாங்க?"

"அன்னைக்குக் கம்ப எந்தக் கையால பிடிச்சீங்க?"

வீரபத்திரன் முகம் கறுத்தது.

"நீங்களும் அந்தம்மா பக்கம்தானா?"

"நான் பக்கம் கேக்கல. கை கேட்டேன்."

"என் சத்தியத்துல பொய் இல்ல தாயி. ஒரு எழுத்து பொய் இல்ல."

"பொய்யின்னு நான் சொல்லல."

"சரி, போயிச் செஞ்சு குடுத்துடட்டுமா? ஒரு நாள் வேலை. ஆனா நான் பூசுற கரண்டியத் தொட்ட நிமிஷத்துல ஊர் என்ன சொல்லும்? குத்தம் இருக்கப் போயித்தானே வந்து செய்தான்னு சொல்லும். பதினெட்டு வருஷத்துப் பேரு தாயி. அத அந்த நாலு விரக்கடைக் குழியில போட்டு மூடணுமா? மாட்டேன். நீங்க சொன்னாலும் மாட்டேன்."

"நான் சொல்லலியே."

வீரபத்திரன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எப்போதும் போகும்போது "வாரேன் தாயி" என்பார். அன்று சொல்லவில்லை. அம்மை முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

மறுநாள் காலையில் சுடலைமாடன் கோயில் முன்னால் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். மழையில் வேலை இல்லாதவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வீரபத்திரனிடம் வீட்டு வேலை பேசி வைத்திருந்த இரண்டு பேர் முன்வரிசையில் நின்றார்கள். கனகமணி டீச்சர் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, வகுப்பில் பொய் சொன்ன பையனைப் பார்ப்பதுபோல நின்றிருந்தார்.

பூசாரி பீடத்தின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார்.

"சொல்லுங்க."

வீரபத்திரன் குளித்து, துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். குரல் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"டீச்சர் வீட்டுத் தளத்துல என் வேலையில குறை இல்ல."

வலது கையைத் தூக்கினார். உள்ளங்கை கற்பூரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. சூடு ஏறியது. விரல்கள் அந்தக் கம்பைப் பிடித்ததுபோலவே மடங்கின. அவருக்குக் கோபம் வந்தது. முதலில் டீச்சர் மேல் வந்தது, அப்புறம் அம்மை மேல். கடைசியில் அந்தக் கையின் மேலேயே வந்தது. வெட்கமும் கூடவே வந்தது, அதுதான் அதிகம் சுட்டது.

கை இறங்கவில்லை. கற்பூரம் தானாக எரிந்து முடிந்து பீடத்தில் ஒரு கறுப்புத் தடம் மட்டும் இருந்தது.

கூட்டம் முணுமுணுத்தது. முன்வரிசையில் இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீச்சர் ஒரு அடி முன்னால் வந்தார். "அப்போ குத்தம் உம்மதுதான்னு ஒத்துக்கிடுதீரு."

"ஒத்துக்கிடல. என் வேலையில குறை இல்ல. சொல்லியாச்சு, சுடலை கேட்டாச்சு."

"பெறவு ஏன் அணைக்கல?"

"அது எனக்கும் சுடலைக்கும் உள்ளது." வீரபத்திரன் துண்டை உதறித் தோளில் போட்டார். "மாடிச் சாவியக் குடுங்க. போயி சார் கட்டில நகத்துங்க."

மாடியில் அவர் தனியாகத்தான் வேலை செய்தார். ஆட்களைக் கூப்பிடவில்லை. பூசி மூடிய இடத்தை உளியால் கொத்தினார். சுற்றிலும் ஒன்பது தட்டோடுகளைப் பெயர்த்தார். அடியில் ஜல்லி ஊறிச் சேறாகக் கிடந்தது. அதை அள்ளிப் போடும்போது முளைத்துக் கறுத்துப்போன தானியம் கையில் வந்தது. அதற்கும் கீழே, பச்சை பூத்த செப்புக் காசு கிடந்தது. காசுக்கு நேர் கீழேதான் தண்ணீர் வழி பண்ணியிருந்தது.

டீச்சர் படியேறி வந்து பார்த்துக்கொண்டு நின்றார். வீரபத்திரன் காசை வேட்டியில் துடைத்து நீட்டினார்.

"இந்தாங்க. உங்க காசு."

டீச்சர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அன்று அந்தக் காசைக் குழியில் போட்டதும் அவர்தான்.

"குத்தம் என்னதுன்னு நானும் ஒத்துக்கிடல, பாத்துக்கிடும்," என்றார். "இதே எடத்துல நின்னு கம்பப் பிடிச்சீரு. வேண்டாம் டீச்சர்னு ஒரு வார்த்தை சொல்லல."

"ஒத்துக்கிட வேண்டாம். மழை வருது. அந்தத் தார்ப்பாய் மூலையப் பிடிங்க."

டீச்சர் பிடித்தார். காற்று தார்ப்பாயைத் தூக்கியது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூலையை மிதித்துக்கொண்டு, மழை விடும்வரை நனைந்தார்கள். கீழே பின் அறையில், சார் கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் வெயில் கிடைத்தது. வீரபத்திரன் புது ஜல்லி போட்டு இடித்து இறுக்கினார், தட்டோடு பதித்தார், சந்துகளைத் தானே பூசினார். அதன்பிறகு நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் டீச்சர் வீட்டு வழியாகப் போனபோது அவர் சைக்கிளை நிறுத்தவில்லை. டீச்சரும் வாசலில் நின்று கூப்பிடவில்லை. பின் அறை ஜன்னலுக்குள் மட்டும் வீரபத்திரன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அதன்பிறகுதான் மடத்துக்கு வந்தார். அம்மை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. ஒழுக்கு நின்னுட்டா?"

"நின்னுட்டு."

"சார்?"

"கட்டில் பழைய எடத்துல கெடக்கு. பகல்லயே தூங்குதாரு."

அம்மை துணியைப் பிழிந்தார். வீரபத்திரன் இந்தத் தடவையும் உட்காரவில்லை.

"ஊரே பேசுது தாயி. கற்பூரத்த அணைக்க மாட்டாம குத்தத்த ஒத்துக்கிட்டான்னு. ரெண்டு வீட்டுக்காரங்க வேற ஆளப் பாத்துட்டாங்க. டீக்கடையில நான் போனா பேச்ச நிறுத்துதாங்க." மூச்சு வாங்கியது அவருக்கு. "நான் ஒத்துக்கிடல. என் வேலையில குறை இல்ல. சாகுற மட்டும் சொல்லுவேன். நீங்க என்ன நினைச்சாலும் சரி, இந்தக் கோபம் எனக்கு ஆறாது."

ஆறப்போடச் சொல்லி அம்மை ஏதாவது சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்.

அம்மை பிழிந்த துணியைக் கொடியில் போட்டு, இழுத்து விட்டார்.

"ஆற வேண்டாம் அண்ணாச்சி. பத்திரமா வச்சிருங்க. அடுத்த தடவ யாராவது மாடியில பந்தக்கால் நாட்டக் கூப்பிட்டா, புது வேட்டி துண்டோட இந்தக் கோபத்தையும் எடுத்துட்டுப் போங்க."