காய் முடிந்த மரம்

தென்காசிப் பக்கம் ஒரு மடம். குருவுக்கு வயது நாற்பது, சீடர் உச்சிமாகாளிக்கு ஐம்பத்தெட்டு. புதிதாக வருகிறவர்கள் நேரே சீடரின் காலில்தான் போய் விழுவார்கள். "ஐயையோ, நான் இல்லய்யா, அந்தா அவரு" என்று பதறுவார் அவர். குருவான சாமிக்கு அதில் ஒரே சிரிப்பு.

உச்சிமாகாளிக்குக் காவி வேண்டும். வளர்த்தவர் நேரில் வந்து, தன் வாயால் 'சரி' என்று சொன்னால்தான் அந்த மடத்தில் காவி கொடுப்பார்கள். தாயில்லாப் பிள்ளையான அவரை வளர்த்தது அண்ணன் மனைவி பிச்சம்மாள். மதினி ஒத்துக்கொள்வாளா என்பதுதான் அவருக்கு ஓயாத கவலை.

மாம்பழம் என்றால் மதினிக்கு உயிர். மடத்துக் கிணற்றடி மாமரமோ கல்கண்டாகப் பழுக்கும். அடுத்த வைகாசியில் மதினியை வரவழைத்து, ஒரு கூடைப் பழத்தை முன்னால் வைத்துக் கேட்டுவிடலாம் என்று நினைத்தார்.

அந்த ஆனியில், பறிப்பு முடிந்த கையோடு சாமி சொன்னார்: "மரத்துக்கு எரு வச்சிருங்க அண்ணாச்சி."

"காய் முடிஞ்ச மரத்துக்கு எதுக்கு சாமி, வெட்டியா?"

அவர் எரு வைக்கவில்லை. மளிகைக் கடை நடத்தியவர் அல்லவா, சரக்கை வீணாக்க மனசு வராது. எருவை மூலையில் குவித்து வைத்திருந்து, மார்கழியில் பூக்கிற நேரம் பார்த்து, புண்ணாக்கும் யூரியாவும் சேர்த்துத் தூரடியில் கொட்டித் தண்ணீரும் பாய்ச்சினார்.

மரம் மதமதவென்று தழைத்தது. எங்கே பார்த்தாலும் கொழுந்து. பூ அங்கொன்று இங்கொன்று. வைகாசியில் பறித்த பழம் கூடையின் அடியைக்கூட மறைக்கவில்லை. ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன். ஒன்றை அறுத்து வாயில் வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெறும் தண்ணீர்.

அதற்குள் மதினி பஸ்ஸை விட்டு இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அதையே அறுத்து வைத்தார். ஒரு துண்டு விடாமல் தின்று, கொட்டையையும் சப்பினாள்.

"நல்லாருக்குய்யா."

"சப்புன்னுல்லா இருக்கும் மதினி."

"நீ அறுத்துத் தந்தது எனக்குச் சப்புன்னு இருக்குமா? சரி, என்ன வேணும், சொல்லு. எதாவது வேணும்னாத்தானே நீ தட்டோட வருவே."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குத்தான் சுருக்கென்றது. கடை வைக்க அவள் சங்கிலியைக் கேட்கப் போனபோது ஒரு சேலை. அண்ணன் கோபத்தை ஆற்றச் சொல்லிப் போனபோது அரைக்கிலோ அல்வா. சும்மா எதையும் கொண்டுபோய்க் கொடுத்த ஞாபகமே இல்லை.

தலையைக் குனிந்துகொண்டு காவியைக் கேட்டார்.

"அதுக்கு எதுக்குய்யா பழம்? சரி. மனசாரச் சொல்லுதேன்" என்றாள்.

அவர் எழுந்து சாமியிடம் போனார்.

"மதினி சரின்னு சொல்லிட்டாவ சாமி. இந்த மரம்தான் ஏமாத்திருச்சு. எவ்வளவு போட்டேன்!"

சாமி ஒரு கூடை எருவையும் மண்வெட்டியையும் அவர் கையில் கொடுத்தார். மரத்து நிழல் முடிகிற இடத்தில் வட்டமாகக் குழி தோண்டச் சொன்னார். சாரல் லேசாகத் தூற ஆரம்பித்திருந்தது.

"பூக்கிற நேரத்துல திணிச்சா இலையாத்தான் விடும், அண்ணாச்சி. காய்ச்சு ஓய்ஞ்ச பிறகுதான் அதுக்குப் பசி."

"இப்ப வச்சா வர்ற வருஷம் நல்லாக் காய்க்குமா?"

"அது மரத்தோட பாடு. இந்த எரு, இந்த வருஷம் தந்ததுக்கு."

"தந்தது நாலு சப்பைப் பழம்ல்லா சாமி?"

"மதினி கொட்டையைக்கூட விடலையே."

உச்சிமாகாளி குழியைத் தோண்டி முடித்தார். எருவை வைத்து மண்ணை மூடினார். நிமிர்ந்தபோது, ஊருக்குக் கிளம்ப மதினி பையைக் கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"சாமி, காவி பிறகு இருக்கட்டும். மதினி வீட்டுல ஓடு ஒழுகும். கூடப் போயி மாத்திக் குடுத்துட்டு வரட்டா?"

"அவங்ககிட்ட இன்னும் எதாவது கேக்கணுமா?"

"ஒண்ணுமில்ல சாமி. வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாச்சு."

"அப்ப இதுதான் பருவம், அண்ணாச்சி. கிளம்புங்க."