பூவலிங்கம் சொல்லும் பயிர்

மழை நின்றதும் கரிசல் காட்டில் எல்லாருக்கும் ஒரே அவசரம்தான். ஈரம் இருக்கும்போதே விதை உள்ளே போய்விட வேண்டும். இரண்டு வெயில் சுள்ளென்று அடித்தால் மண் இறுகிவிடும். அதற்குப் பிறகு அந்த வருஷத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது.

அப்படிப்பட்ட ஒரு காலையில், காட்டில் இருக்க வேண்டியவர்கள் எல்லாம் விளாத்திகுளத்துக்கு மேற்கே ஒரு மடத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பூவலிங்கம் வாயைத் திறந்து ஒரு பயிரின் பேரைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இருந்தார்கள்.

பூவலிங்கம் வேளாண் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மடத்து அம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவாகவே இருக்கும். எங்கே படித்தீர்கள், யாரிடம் தீட்சை பெற்றீர்கள் என்று அம்மாவிடம் யாராவது கேட்டால், "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்பார். பூவலிங்கத்தை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பது சீடருக்கே கடைசிவரை பிடிபடவில்லை.

பூவலிங்கத்தின் கணக்கு தப்பாது என்று பேர். மடத்துக்கு வந்த முதல் வருஷம் பக்கத்து ஊரில் சிலரைக் கொத்தமல்லி போடச் சொன்னார். மல்லி விலை ஏறியது. மறு வருஷம் நாலு ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள். மிளகாய் என்றார். மிளகாயும் ஏறியது. மூன்றாம் வருஷம், மழைக்கு முன்னால், அவர் பேசியதை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். "இந்த வருஷம் சின்ன வெங்காயத்தைக் கவனிக்கணும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. மூன்று தாலுகா அந்த வரியைப் பிடித்துக்கொண்டது.

முந்தைய வாரம்தான் கோவில்பட்டியில் நிபுணர்கள் கூடி விவசாயத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்கள். இனிமேல் வானத்தில் பறக்கும் இயந்திரமே விதைக்கும், மருந்தடிக்கும், மனிதன் காட்டில் கால் வைக்க வேண்டியதில்லை என்றார் ஒருவர். ஏற்றுமதி ஒன்றுதான் வழி என்றார் இன்னொருவர். கம்புக்கும் குதிரைவாலிக்கும் திரும்பாவிட்டால் எதிர்காலமே கிடையாது என்று மூன்றாமவர் மேசையைத் தட்டினார். நம் ஜனங்கள் நல்லவர்கள். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கை தட்டினார்கள். அங்கே கொடுத்த தொப்பியை மாட்டிக்கொண்டு, நாளைக்கு என்ன விதைப்பது என்று கேட்க நேரே பூவலிங்கத்திடம் வந்துவிட்டார்கள்.

மடத்து வாசலில் விதை வெங்காயம் ஏற்றிய லாரி ஒன்று விடிந்ததிலிருந்தே நின்றது. அதன் டிரைவர் அடிக்கொரு தரம் ஹாரனை அழுத்தினார்.

முன்னால் உட்கார்ந்திருந்தவள் சங்கரேஸ்வரி. தனி ஆளாக நாலு ஏக்கர் காடு பார்க்கிறவள். மடியில் ஒரு துணி மூட்டை. அதில் போன வெள்ளாமையில் எடுத்து வைத்த உளுந்தும் சோளமும் இருந்தன. அந்த மூட்டையை வாங்கிக்கொண்டு வெங்காயம் தருவதாக லாரிக்காரர் சொல்லியிருந்தார்.

"அய்யா, ஒரு வார்த்தை சொல்லிருங்க. இதைக் குடுத்துட்டு வெங்காயத்தைத் தூக்கிட்டுப் போறேன். இது கைய விட்டுப் போனா எனக்கு வேற விதை கிடையாது" என்றாள்.

பூவலிங்கம் எழுந்து நேரே அடுக்களைக்குப் போனார். அம்மா அண்டாவில் சோறு வெந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வெயில் ஏறுது."

"ஏறுது."

"நேத்தே சொல்லியிருக்கணும். இருங்கன்னீங்க, இருந்தேன். இன்னைக்கும் இருங்கங்கிறீங்க. மண்ணு இருக்குமாம்மா?"

"கணக்கு சரியா இருக்கா சார்?"

"இவ்வளவு சரியா ஒரு கணக்கு எனக்கு வந்ததே இல்ல. மழை, கிட்டங்கியில சரக்கு அழுகினது, கப்பல்ல போறது, தை மாசத்துக் கல்யாணம், அது வரைக்கும் சேர்த்திருக்கேன். வெங்காயம் ஏறத்தான் செய்யும். தெரிஞ்ச உண்மையைக் கைக்குள்ள வச்சுக்கிட்டு ஜனங்களைக் காக்க வைக்கிறது பாவம் இல்லையா?"

அவர் குரல் உயர்ந்துவிட்டது. சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"முன்னால சாப்பாட்டுக்கு வரிசை நீளமா நிக்குது. பின்னால மாட்டுக்கொட்டகை பக்கம் இன்னொரு அண்டா இறக்கியிருக்கு. அங்க ஆளே இல்ல. மைக்குல ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"முதல்ல சாப்பாடு."

பூவலிங்கத்துக்குக் கோபம்தான். ஆனாலும் கணக்குக்காரர் அல்லவா, பார்க்காமல் சொல்ல மாட்டார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். அம்மா சொன்னது உண்மை. அண்டாவில் ஆவி பறந்தது. பரிமாறுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பசுமாட்டைத் தவிர அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்து மைக்கைப் பிடித்தார்.

"பின்பக்கம் கூட்டமே இல்ல. அங்க போனா போன உடனே சாப்பிடலாம்."

சொன்னது பூவலிங்கம். வரிசை கலைந்தது, முற்றம் மொத்தமும் எழுந்தது.

பின்பக்கம் போக மதிலுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு சந்துதான் வழி. மழையில் அது சேறாகிக் கிடந்தது. முன்னால் போனவர்கள் வழுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். யாரோ கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பூவலிங்கம் மைக்கில், "மெதுவா, மெதுவா" என்று சொல்லச் சொல்ல, அவர் ஏதோ புதிதாகச் சொல்கிறார் என்று இன்னும் கொஞ்சம் பேர் ஓடினார்கள். மைக்கைப் போட்டுவிட்டு அவரும் சந்துக்குள் இறங்கி ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்தார்.

நல்லவேளையாக யாருக்கும் பெரிய அடியில்லை. முன்பக்கம் அண்டா நிறையச் சோறு அப்படியே இருந்தது. காது கேளாத ஆவுடையப்பன் ஒருவர் மட்டும் அங்கே நின்றிருந்தார். தன் முறை எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. வாங்கிச் சாப்பிட்டார். மறுபடியும் வாங்கினார்.

சந்து காலியானபோது சங்கரேஸ்வரி சேற்றில் முழங்காலிட்டுக் கிடந்தாள். மூட்டை கிழிந்துவிட்டது. உளுந்தும் சோளமும் மிதிபட்டுச் சேற்றோடு சேறாகக் கிடந்தன. அவள் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து எட்டிப் பார்த்த லாரிக்காரர், "நனைஞ்ச விதைய நான் எடுக்க மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூவலிங்கம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினார்.

"நீங்க ஏம்மா ஓடுனீங்க? வரிசையில உங்களுக்கு முன்னால நாலு பேர்தானே நின்னாங்க?"

"நீங்க சொன்னீகளே அய்யா."

அவர் நிமிர்ந்தபோது அம்மா எதிரில் நின்றிருந்தார்.

"நான் சொன்னது பொய்யாம்மா?" என்றார் பூவலிங்கம். "என் கண்ணால பார்த்தேன். அங்க ஆளே இல்ல."

"பொய் இல்ல சார்."

"பிறகு ஏன் இப்படி ஆச்சு?"

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார். அவரும் ஒரு பிடி உளுந்தை அள்ளினார்.

"உங்க கணக்குல, இங்க வந்திருக்கிறவங்க இந்த வருஷம் என்ன போடுவாங்கன்னு வச்சிருக்கீங்க?"

"போன வருஷம் என்ன போட்டாங்களோ அதைத்தான். அப்படித்தான் வைக்கிறது வழக்கம்."

"நீங்க சொன்ன பிறகுமா?"

பூவலிங்கத்தின் கை நின்றுவிட்டது.

வாசலில் ஹாரன் அடித்தது. சேற்றுக் காலோடு ஜனங்கள் முற்றத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் சாப்பிடவில்லை. எல்லார் முகத்திலும் எரிச்சல்.

"அப்ப சொல்லாம விட்டுரட்டுமா?" என்றார் மெதுவாக. பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டார். "சொல்லலேன்னா வெங்காயம் வேணாம்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க. உளுந்துன்னு சொன்னா மொத்தப் பேரும் உளுந்துக்கு ஓடுவாங்க. எதைச் சொன்னாலும் இந்தச் சந்துதான். நான் என்ன சொல்லட்டும்மா?"

"சொன்னது போதும் சார். ஒரு தடவை கேளுங்க."

சங்கரேஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் பேசுறது எனக்கு விளங்கல. என் விதை போச்சே தாயி."

"ஆமா. நான்தான் கொட்டினேன்" என்றார் அம்மா. "நனைஞ்சது பொழுது சாயறதுக்குள்ள மண்ணுக்குப் போகணும். மடத்து டிராக்டர் முதல்ல உங்க காட்டுக்கு வரும். குறைஞ்ச விதைக்கு மடத்துத் தானியக் குலுக்கையில இருந்து அள்ளிக்குங்க."

ஒருத்தியின் விதையைச் சேற்றில் கொட்டித்தான் சீடனுக்குப் பாடம் சொல்ல வேண்டுமா என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்குப் பதில் தெரியாது. அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று மட்டும் தெரியும்.

பூவலிங்கம் சேற்றுக் கையோடு போய் மைக்கை எடுத்தார். முற்றம் கப்பென்று அடங்கியது.

"வெங்காயம் போடலாம்னு நினைச்சு வந்தவங்க கையத் தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க சொல்லுங்க அய்யா, நாங்க தூக்குறோம்" என்றது ஒரு குரல்.

"நான் சொல்லப் போறதில்ல. நீங்க சொல்லுங்க."

சலசலப்பு எழுந்தது. "கேக்க வந்தவனையே கேக்குறதுக்கு நாங்க எதுக்கு வண்டி கட்டி வரணும்?" என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "வேண்டியவங்களுக்கு ரகசியமாச் சொல்லியாச்சு போல, நமக்கு மட்டும் நாடகம்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். அந்த வார்த்தைக்கு நாலைந்து பேர் மைக்குப் பக்கம் நகர்ந்தார்கள். பூவலிங்கம் நகரவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

"அடிக்கிறதா இருந்தா அப்புறம் அடிங்க. இப்ப கையத் தூக்குங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, எழுந்தவர் உட்கார்ந்தார். ஒரு கை உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு முற்றம் முழுக்கக் கைகள்.

"இறக்காதீங்க. அப்படியே திரும்பிப் பாருங்க."

திரும்பினார்கள். முன்னால் இருந்தவர்கள் பின்னால் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் மதிலோரம் பார்த்தார்கள். மதிலுக்கு வெளியே நின்றவர்களும் கையைத் தூக்கியிருந்தார்கள். ஆவுடையப்பனும், எல்லாரும் தூக்குகிறார்களே என்று, ஒரு கையைத் தூக்கியிருந்தார்.

"இம்புட்டையும் எவன் வாங்குவான்?" என்றார் துண்டை உதறி எழுந்தவர், யாரிடம் என்றில்லாமல்.

முதலில் அவர் கை இறங்கியது. பிறகு மளமளவென்று இறங்கின. எல்லாக் கையும் இறங்கிவிடும் போலிருந்தது. பூவலிங்கம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வாய் வரை வந்த வார்த்தையைப் பல்லைக் கடித்து நிறுத்தினார்.

"எல்லாரும் இறக்கிட்டா வெங்காயம் யாருய்யா போடுறது?" என்றான் ரகசியம் என்று சொன்னவனே.

"நீ போடு. உனக்குத்தான் கிணறு இருக்கு."

"நான் போட்டா நீ?"

"நான் பருத்திதான். நடுவுல பாசிப்பயறு போட்டுக்கிறேன்."

"எங்க ஊர்ல பாதிப் பேர் உளுந்துக்குப் போறோம். அந்தப் பக்கம் எப்படி?"

ஊர் ஊராக வட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சண்டையும் நடந்தது. ஒரு வட்டத்திலிருந்து எழுந்து இன்னொரு வட்டத்துக்குப் போய்க் கேட்டு வந்தார்கள். சிலர் மண்ணில் கோடு கிழித்தார்கள். யாரோ திரும்பி, "அய்யா, அந்த மைக்கைக் கொஞ்சம் அணைச்சிருங்க. இரையுது, பேச முடியல" என்றார்கள்.

பூவலிங்கம் அணைத்தார்.

லாரிக்காரர் கொஞ்சம் மூட்டைகளை இறக்கினார். மீதியோடு முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். சங்கரேஸ்வரி மடத்து டிராக்டரில் ஏறி, ஈர மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் முற்றம் காலியாகிவிட்டது. போகும்போது ஒருவர்கூட பூவலிங்கத்திடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அவசரம். ஈரம் காத்திருக்காது.

பூவலிங்கம் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு வருத்தமாக இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, அடுத்த வருஷம் என்னைத் தேடி யாரு வருவா?"

அம்மா கையில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவினார்.

"யாரும் வரமாட்டாங்க சார். ஆனா வெங்காயம் வித்துப் போயிரும்."