செம்மாயி கிளறிய சேறு

வேலங்காட்டு ஏரியில் செம்மாயி என்றொரு கெண்டை மீன் இருந்தாள். தலைகீழாக நின்று சேற்றைக் கிளறிப் புழு தேடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிக் கிளறும்போதுதான் ஒன்றைக் கண்டுகொண்டாள். சேற்றில் படிந்திருந்த உரச்சத்து தண்ணீரில் கலந்தால் பாசி மளமளவென்று வளர்கிறது!

அவ்வளவுதான், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "என் குஞ்சுகளுக்கு இனிப் பஞ்சமே கிடையாது. ஏரியையே பச்சையாக்கிக் காட்டுறேன் பாருங்க" என்று பொழுது விடிந்தது முதல் சாயும்வரை கிளறினாள்.

பாசி தின்று பிழைக்கும் நீர்த்தெள்ளுப்பூச்சி ஒன்று துள்ளித் துள்ளி வந்தது. கடுகில் பாதிகூடத் தேறாத உடம்பு அதற்கு.

"அக்கா, நிறுத்துங்க. இவ்வளவு பாசியை எங்களால தின்னு மாளாது. மிச்சம் செத்து அடியில விழும்."

"விழட்டுமே! சேத்துல இருக்கிற நுண்ணுயிருங்க தின்னுட்டுப் போகட்டும். அதுங்களுக்கு வேற என்ன வேலை?"

ஏரி பச்சைப் பசேலென்று ஆனது. பாசி மேலே மூடிக்கொள்ள, வெயில் படாமல் நீர்க்கொடிகள் அழுகின. பாசியும் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தது. ஒரு விடியற்காலையில் செம்மாயியின் குஞ்சுகள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து தவித்தன. கடைக்குட்டி மல்லாந்து மிதந்தான்.

செம்மாயி சேற்றுக்குப் பாய்ந்தாள். "தண்ணியில இருந்த காத்தை யாரு திருடினது?"

"திருடலை, மூச்சு விட்டோம்" என்றன நுண்ணுயிர்கள் நிதானமாக. "நீ போட்ட விருந்தைத்தானே தின்கிறோம்? பந்தி பெருசாச்சு, கூட்டமும் பெருகிப்போச்சு. அத்தனை பேரும் மூச்சு விட வேண்டாமா?"

அழுதுகொண்டு நிற்கிற ஆளல்ல செம்மாயி. வாய்க்கால் தண்ணீர் சலசலத்து விழும் இடத்தில் காற்று கலக்கும் என்பது அவளுக்குத் தெரியும். குஞ்சுகளை மூக்கால் முட்டி முட்டி அங்கே கொண்டுபோனாள். வெகுநேரம் கழித்துக் கடைக்குட்டி மெல்லப் புரண்டு நிமிர்ந்தான்.

அன்றோடு கிளறலை நிறுத்தினாள். கரையோரம் விழும் விதையும் பூச்சியுமே ஆகாரம். வாய் நமநமத்தது, பொறுத்துக்கொண்டாள். "தெள்ளுங்களை எவனாவது தொட்டான், செதிலை உரிச்சிடுவேன்" என்று மற்ற மீன்களை மிரட்டிக் காவலும் காத்தாள். தெள்ளுகள் பெருகிப் பாசியைத் தின்றன. அடியில் விழும் பாசி குறைய, நுண்ணுயிர்க் கூட்டமும் குறைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் தண்ணீர் தெளிந்து ஏரியின் அடி தெரிந்தது.

"அம்மா, சேத்தைக் கொஞ்சம் கிளறட்டுமா?" என்று கேட்டான் கடைக்குட்டி.

"பசிச்சா ஒரு வாய் கிளறிக்கோ. ஆசைக்குன்னா கிட்டயே போகாதே" என்றாள் செம்மாயி.

அளவுக்கு மேல் கிளப்பிவிட்ட வளம், கிளப்பியவரின் மூச்சையே பிடுங்கும்.