அரக்கு வைத்த வாய்

“வண்டி காணாமப் போய் எட்டு நாள் ஆச்சு, எடுத்தவன் பட்டறை ராஜப்பான்னு முதல் நாளே சொல்லிட்டேன், நீங்க இன்னும் சட்டப் புத்தகத்தைத் தலைகீழா வச்சுப் படிச்சிட்டிருக்கீங்களா?”

ஜெசிந்தா கேட்டது இதைத்தான், வார்த்தை மாறாமல். மூக்கணாம்பட்டி இன்ஸ்பெக்டர் வடுகநாதன் புத்தகத்தை நேராகத் திருப்பிக்கொண்டார். திங்கட்கிழமை அவள் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. மையம் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. முதல் பஸ்ஸே பத்து மணிக்கு. ராஜப்பா ஸ்கூட்டரை எங்கே ஒளித்துவைத்தான் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

“அவன் போனை ஒட்டுக்கேட்டா தெரிஞ்சிடும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஆனா புதுச் சட்டம் வந்திருக்கு. உரிய அனுமதி இல்லாம ஒருத்தர் பேச்சைக் கேட்கக் கூடாது.”

“வாங்குங்களேன் அனுமதியை.”

“அதான், யார்கிட்ட?”

ஏட்டு சந்தானம் நெற்றியைத் தேய்த்தார். “பேசுறது ராஜப்பா. அப்ப அனுமதியும் அவன்தானேய்யா தரணும்?”

இந்த அறிவைக் கண்டு இன்ஸ்பெக்டர் எழுந்து ஏட்டுக்குக் கை கொடுத்தார். ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலமே ராஜப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மத்தியானம் தூங்கும்போது மட்டும் கேட்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. நியாயமான மனுஷன் என்று ஏட்டு மெச்சிக்கொண்டார்.

அடுத்த சிக்கல் இரண்டாம் பிரிவில் இருந்தது. வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சு போலீஸ் காதில் விழவே கூடாது.

“காதுல பஞ்சு வச்சுக்கறேன்யா,” என்றார் கான்ஸ்டபிள் தங்கப்பழம். “திருட்டுப் பேச்சு வந்தா எடுத்துடறேன்.”

“வந்துச்சுன்னு எப்படிய்யா தெரியும்?”

“ராஜப்பாவையே மணி அடிக்கச் சொல்லலாம்.”

“பஞ்சு வச்ச காதுக்கு மணி கேட்குமா? உனக்கெல்லாம் யாருய்யா வேலை கொடுத்தது?” என்று கடிந்த இன்ஸ்பெக்டர், தீர்ப்பைத் தாமே சொன்னார்: “சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுவோம்.”

வெள்ளிக்கிழமை முழுக்கத் தங்கப்பழம் ராஜப்பா பட்டறைக்கு எதிர் டீக்கடையில் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்யும் கருவியும் பஞ்சுமாக உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்குத் துண்டு பறந்தது. ராஜப்பா சொன்ன சொல் தவறாதவன், அவனும் மூக்கணாம்பட்டிதானே. பஞ்சைப் பிடுங்கித் தங்கப்பழம் எல்லாவற்றையும் கேட்டார். கருவியில் பதிவைப் போட மட்டும் மறந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் ஜெசிந்தா போனபோது, தங்கப்பழம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாய்க்குக் குறுக்கே பழுப்பு டேப். அதன் மேல் சிவப்பு அரக்கு, நிலைய முத்திரையோடு.

“மூணாம் பிரிவும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர். “பதிவு எதுல இருக்கோ அதுக்குச் சீல் வைக்கணும். கோர்ட்தான் உடைக்கணும். இந்த வழக்குல பதிவு தங்கப்பழத்துக்குள்ளதான் இருக்கு.”

“கோர்ட்டுக்குப் போங்க.”

“பத்து நாள் லீவும்மா.”

“அதுவரைக்கும் இந்த மனுஷன் எப்படிச் சாப்பிடுவார்?”

“அதைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் சொல்லலை.”

“சரி, வாய் வேண்டாம். வண்டி எந்தப் பக்கம்னு கையை நீட்டிக் காட்டட்டும்.”

தங்கப்பழம் வருத்தத்தோடு திரும்பி முதுகைக் காட்டினார். கைகளையும் பின்னால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்திருந்தார்கள்.

ஜெசிந்தா ஆரம்பித்தாள். மூச்சு விடாமல் பேசினாள். அந்த நிலையத்தில் இருந்த மூன்று தலைகளின் மொத்த எடையைப் பற்றியும், அதில் தொப்பிகளின் பங்கைப் பற்றியும். பாதியில் ஏட்டுக்கு முகம் வெளுத்தது.

“ஐயா, பத்து நாளா இந்தம்மா பேச்சைக் கேட்டுட்டிருக்கோமே. கேட்க அனுமதி வாங்கினோமா?”

இன்ஸ்பெக்டர் பதறிப்போய் மேஜை இழுப்பறையைத் திறந்தார். தமக்கு இரண்டு பஞ்சு உருண்டை, ஏட்டுக்கு இரண்டு. சட்டம் எல்லோருக்கும் பொது என்பதால் தங்கப்பழத்தின் காதுகளிலும் மறக்காமல் அடைத்தார். பிறகு மூவரும் வரிசையாக உட்கார்ந்து, கடமை தவறாத முகங்களோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“திங்கட்கிழமை பரீட்சைங்க,” என்றாள் ஜெசிந்தா. “யாராவது ஒருத்தர் அந்தப் பஞ்சை எடுங்க.”