பொன்னுரங்கம் கல்லுக்கு ஒரு வார்த்தை

கருங்காலிப்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குன்று. குன்றின் மேல் ஒரு மடம். மடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஓட்டுக் கொட்டகை ஒன்று, வேப்பமரம் ஒன்று, அவ்வளவுதான். அங்கே இருந்தவரை ஊரார் கூழ்சாமி என்றார்கள். கூழைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். எந்த ஊர் என்று கேட்டால் "கிழக்கே" என்பார். கிழக்கே எங்கே என்றால் சிரிப்பார். அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க யாராலும் முடிந்ததில்லை.

தினமும் அவருக்குக் கூழ் கொண்டுபோனவர் முனிரத்தினம். சாமியைவிடச் சில வயதுதான் இளையவர், பேரன் எடுத்த மனுஷன். வாலிபத்தில் பச்சையம்மாள் அத்தை சட்டியைக் கையில் கொடுத்து, "சாமிக்கு ஊத்திட்டு வாடா" என்று விரட்டியதில் தொடங்கிய வேலை. ஊற்றப் போனவர் உட்கார்ந்து பேசப் பழகி, சீடராகவே ஆகிவிட்டார்.

அன்று ஆடிக் கடைசி ஞாயிறு. முனிரத்தினம் மேலே வந்தபோது முகம் செத்துக் கிடந்தது. சட்டியை வைத்து, கரண்டியால் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தார். சாமி ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பு கம்மி."

"அத்தை கை எனக்கு எப்படி சாமி வரும்?"

"அதுவும் சரிதான்" என்று சாமி இன்னொரு வாய் குடித்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். காணாத ஆளைக் கண்டேன்னு சொல்லலாமா?"

"யாரு முன்னால?"

"தாத்தா கல்லு முன்னால."

இந்த இடத்தில் ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கருங்காலிப்பட்டு பட்டாளத்து ஊர். வீட்டுக்கு ஒருவர் துப்பாக்கி தூக்கியிருப்பார். போய்த் திரும்பாதவர்களுக்கு ஏரிக்கரையில் ஆளுக்கொரு கல் நட்டிருக்கிறார்கள். ஆடிக் கடைசி ஞாயிறு அங்கே கூழ் படையல். படைக்கும்போது அந்தந்த வீட்டார் ஒருவர் முன்னால் வந்து, செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். காதால் கேட்டது செல்லாது. ஒரு காலத்தில் எங்கள் தாத்தா நூறு பேரைச் சுட்டார், உங்கள் தாத்தா ஓடி ஒளிந்தார் என்று ஆளாளுக்கு அளந்துவிட்டு மண்டை உடைந்தது. அதன் பிறகு ஊர் போட்ட கட்டு இது.

சொல்ல ஆளில்லாமல் போன கல்லைப் பெயர்த்து ஏரிப் படித்துறையில் போட்டுவிடுவார்கள். அதன் மேல் துணி துவைப்பார்கள். இப்போதே அங்கே சில கற்கள் கிடக்கின்றன. யாருடையவை என்று கேட்டால் துவைக்கிறவர்களுக்குத் தெரியாது.

முனிரத்தினத்தின் தாத்தா பொன்னுரங்கம் பர்மாச் சண்டைக்குப் போனவர். துப்பாக்கி தூக்கவில்லை. கோவேறு கழுதை ஓட்டினார். அங்கே மலைக்காட்டில் காய்ச்சல் கண்டு செத்தார். "குண்டு பட்டாச் செத்தான்? இதுக்கு ஒரு கல்லா?" என்று முணுமுணுக்க ஊரில் ஆட்கள் இருந்தார்கள். பச்சையம்மாள் இருந்தவரை அவர்கள் பேச்சு எடுபடவில்லை. அவள் பொன்னுரங்கத்தின் மகள். கடைசியாக அவரைக் கண்ணால் கண்டவள். வருஷா வருஷம் கல் முன் நின்று ஒன்றையேதான் சொல்வாள்: "எங்கப்பா ஒத்தைக் கொலுச என் கால்ல மாட்டி, திருகாணியப் பல்லால கடிச்சு இறுக்கினாரு. இன்னொத்தைய மடியில முடிஞ்சிக்கினாரு. திரும்பி வந்து மாட்டறேன்னாரு."

பங்குனியில் அத்தை கண் மூடினாள். மூடுமுன் முனிரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்ல மட்டும் விட்டுடாதடா" என்றாள். சரியென்று தலையாட்டிவிட்டார். இனி இந்த வீட்டில் வேறு யார் சொல்வது? அவர்தான் சொல்ல வேண்டும். அவரோ தாத்தா செத்த பிறகு பிறந்தவர்.

"படையல நடத்தற ஹவில்தார் தசரதன் இன்னா சொல்றாரு தெரியுமா சாமி? கனவுல கண்டேன்னு சொல்லிடு, நான் கண்டுக்க மாட்டேன்னு சொல்றாரு."

"நல்ல மனசு."

"நல்ல மனசுதான். ஆனா அத்தை ஒரு நாளும் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதில்லையே. அவ நின்ன எடத்துல நின்னு நான் பொய் சொல்லவா? சொல்லாட்டி, சாயங்காலம் கடப்பாரை எடுத்துக்கினு வந்துருவானுங்க. வயிறு எரியுது சாமி."

சாமி கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார்.

"ஒரு கதை சொல்றேன், கேக்கிறியா?"

"சொல்லுங்க."

"மலைக்காடு. மழை. சண்டைக்குப் பயந்து ஜனங்க ரங்கூன்லேர்ந்து நடந்து வருது. பட்டாளமும் பின்வாங்கி வருது. ஒரு பொம்பளை வழியில விழுந்து கிடக்கிறா. புருஷன் முந்தின நாள் செத்துட்டான். மார்மேல கைப்பிள்ளை. ஒரு கோவேறு கழுதைக்காரர் அந்தப் பக்கம் வர்றாரு."

முனிரத்தினத்துக்குச் சுருக்கென்றது. "எங்க தாத்தாவ வச்சே கதை கட்டறீங்களா?"

"கேட்டா கேளு. இல்லன்னா இன்னும் கொஞ்சம் ஊத்து."

முனிரத்தினம் ஊற்றினார். சாமி குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கழுதை மேல துரையோட பெட்டி. அதை அவிழ்த்துப் பள்ளத்துல உருட்டிட்டு, பொம்பளையையும் பிள்ளையையும் ஏத்திக்கிட்டாரு."

"துரை சும்மா விட்டாரா?"

"துரை முன்னால போயிட்டாரு. அப்புறம் ரெண்டு பேருக்குமே காய்ச்சல். அவர்கிட்ட மாத்திரை இருந்தது, ஒரு ஆளுக்குத்தான் பத்தும். அவளுக்குக் குடுத்தாரு. உனக்கில்லையாண்ணா அப்படின்னு அவ கேட்டா. எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு தாயி, ஜுரம் விட்டுப்போச்சுன்னாரு."

"விட்டுதா?"

"மழையில நனைஞ்ச உடம்பு. வேர்வை எது, மழை எதுன்னு அவளுக்கு எங்க தெரியும்? மறுநாள் அவரால எழுந்திருக்க முடியல. கழுதைக்கு வழி தெரியும், நீ போ தாயின்னுட்டாரு. மடியை அவிழ்த்து ஒத்தைக் கொலுசை எடுத்து அவ கையில குடுத்தாரு. ஊரைச் சொன்னாரு. என் பொண்ணு இன்னொத்தையப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா, குடுத்துடுன்னாரு."

முனிரத்தினம் கூழ்க்கரண்டியை அப்படியே பிடித்திருந்தார். கூழ் வழிந்து வேட்டியில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

அத்தை செத்த பிறகு அவள் தகரப் பெட்டியைத் திறந்தவர் அவர்தான். அடியில் மஞ்சள் துணியில் சின்னதாகக் கொலுசு இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் ஒரே வேலைப்பாடு. ஒன்றைத்தானே தாத்தா கொண்டுபோனார், இது எப்படி வந்தது என்று அவரும் அவர் மனைவியும் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். கடைசியில் கிழவிக்கு மறதி என்று மூடிவைத்துவிட்டார்கள்.

"சாமி" என்றார். "பெட்டியில ரெண்டு இருந்துது சாமி."

"இருக்கும்."

"அத்தைக்கு இந்தக் கதை தெரியுமா?"

"கொலுசு வந்த அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் கல்லு முன்னால அதைச் சொல்லல? சொல்லியிருந்தா ஒருத்தன் வாய் திறந்திருப்பானா?"

"அவ கண்டது மாட்டிவிட்ட கொலுசைத்தான். மத்ததெல்லாம் கேட்டது."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"அவனே ஒரு நாள் தாத்தாவைப் பத்திக் கேப்பான், அப்பச் சொல்லலாம்னா. நீ கேக்கறதுக்குத் தலை நரைச்சுப் போச்சு."

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவர் துடைக்கவில்லை. கீழே ஏரிக்கரையில் பம்பை அடிக்கத் தொடங்கினார்கள். முதல் வீட்டுப் படையல் ஆரம்பமாகிவிட்டது.

"கழுதைக்காரன் கழுதைக்காரன்னு பேசினானுங்களே சாமி" என்றார். "இதைப் போய்ச் சொன்னா ஊரே எழுந்து நிக்கும். ஆனா இன்னா பிரயோசனம்? நானும் கேட்டவன்தானே? கண்டவன் இல்லையே. அந்தப் பொம்பளை இருக்காளா?"

"இல்ல. கொலுசைக் கொண்டுபோய்க் குடுடான்னு மகன்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டா."

"அப்ப அந்தப் பிள்ளை பொழைச்சுதா?"

"பொழைச்சுது. அது வாயைத் திறந்து சொல்லவும் வழியில்ல. அன்னிக்குக் கண்ணைக் கூடச் சரியாத் திறக்காத சிசு. அது இன்னாத்தக் கண்டது?"

"சாமி, அந்தப் பிள்ளை எங்க இருக்குதுன்னு சொல்லுங்க. எவ்வளவு தூரமானாலும் போறேன். ஒரு தரம் இந்தக் கண்ணால பாத்துட்டு வந்துட்டாப் போதும். அடுத்த வருஷம் வரைக்கும் ஊர்க் காலைக் கையைப் பிடிச்சுக் கல்ல நிறுத்தி வைக்கிறேன். எங்க தாத்தா குடுத்த உயிரை நான் கண்டேன்னு கல்லு முன்னால நின்னு சொல்லிடுவேன்."

சாமி சட்டியைச் சாய்த்து, அடியில் இருந்ததை விரலால் வழித்துக் குடித்தார். சட்டியைத் துடைத்து முனிரத்தினத்தின் கையில் கொடுத்தார்.

"நேரமாச்சு, கீழ போய் சொல்லு. தினமும் கண்டேன், இன்னிக்கும் கூழ் ஊத்திட்டு வந்தேன், உப்புதான் கொஞ்சம் கம்மின்னு சொல்லு."