வளையல்காரனுக்கு ஈடு

நெல்லிமங்கலத்தில் திருட்டுப் போன பொருள் கிடைக்காமல் போனதுண்டு. திருடன் கிடைக்காமல் போனதே இல்லை. அந்தப் பெருமையெல்லாம் ஊர்க்காவல் தலைவன் இடும்பராயனுக்குத்தான். ஆள் நல்ல உயரம், உயரத்துக்கேற்ற மீசை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. காவல்காரர்களுக்கு வீட்டுக்கு வீடு நெல் அளப்பார்கள். பதிலுக்கு, ஊருக்குள் எது தொலைந்தாலும் காவல் தலைவன் திருடனைப் பிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். இடும்பராயன் அதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தான். அகப்பட்டவனைப் பிடித்துப் புளிய விளாரால் நாலு சாத்து சாத்தினால் அவன் ஒப்புக்கொள்வான். ஈடும் அவன் வீட்டிலிருந்தே வந்துவிடும்.

இந்த முறை தொலைந்தது சேனாபதி மனைவியின் தங்க ஒட்டியாணம். அகப்பட்டவன் வளையல்காரன் பொன்னுரங்கம். அந்த அம்மாளுக்கு வளையல் போட வீட்டுக்குள் போனானே, அது போதாதா? அடி தாங்காமல், "நான்தான் எடுத்து உருக்கிவிட்டேன்" என்று சொல்லிவிட்டான். வீடு பறிமுதல், வெள்ளிக்கிழமை நாடு கடத்தல் என்று அரசர் கோப்பெருநம்பியும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி அங்கம்மாள் அரசவை விகடகவி மாசிலாமணியின் வாசலில் வந்து விழுந்தாள்.

"சாமி, அவரு நடக்க முடியாம கெடக்குறாரு. நெசத்தச் சொன்னா அடிக்கிறாங்க, பொய்யச் சொன்னா நிறுத்துறாங்க. அந்த மனுசன் என்னதான் சொல்லுவாரு?"

மாசிலாமணி அவளை எழுப்பித் திண்ணையில் உட்கார வைத்தார். நேரே அரசரிடம் போனார்.

"அவனே ஒப்புக்கொண்டானே, மாசிலாமணி! அதற்குமேல் நான் என்ன செய்ய?"

"வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள், அரசே. அதற்குள் நான் என்ன கூத்தடித்தாலும் குறுக்கே பேசாதீர்கள்."

மறுநாள் சபை கூடியதும் மாசிலாமணி மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"போச்சே! என் வெள்ளிப் பாக்குவெட்டி போச்சே! கிளிமூக்கு வைத்த பாக்குவெட்டி! இன்று காலைதான் எவனோ கொண்டுபோய்விட்டான்!"

அரசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

"நாளைக்குள் திருடன் வராவிட்டால் வழக்கப்படி ஈடு கேட்பேன்!" என்றார் மாசிலாமணி.

இடும்பராயன் மீசையை முறுக்கினான். "திருடனும் வருவான், பாக்குவெட்டியும் வரும்."

சொன்னபடியே இரண்டும் வந்தன. மறுநாள் இரண்டு காவலர்கள் பொன்னுரங்கத்தைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இடும்பராயன் கையில் கிளிமூக்குப் பாக்குவெட்டி பளபளத்தது.

"பிரபு, இதுவும் இந்தப் பயல் வேலைதான். தானாகவே ஒப்புக்கொண்டான்!"

மாசிலாமணி வளையல்காரன் பக்கம் திரும்பினார். "நீயா எடுத்தாய்?"

"ஆமாஞ் சாமி."

"எப்போது?"

பொன்னுரங்கம் இடும்பராயனைப் பார்த்தான். "அவரு எப்பன்னு சொல்றாரோ, அப்ப சாமி."

சபையில் எவனோ களுக்கென்று சிரித்தான்.

"இடும்பராயா, நேற்றுக் காலை இவன் எங்கே இருந்தான்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"எங்கள் கொட்டடியில்தான், பூட்டி..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அதற்குமேல் அரசருக்குப் பொறுக்கவில்லை. "அடே! மாசிலாமணி வெற்றிலை பாக்கே போடமாட்டார்! நான் கொடுக்கும் தாம்பூலத்தைக்கூடத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர். அவரிடம் ஏதடா பாக்குவெட்டி?"

மாசிலாமணி பாக்குவெட்டியைத் தடவிப் பார்த்தார். "சுடச்சுடச் செய்திருக்கிறார்கள், அரசே. தட்டார் போட்ட மெருகு கையில் ஒட்டுகிறது."

சிரிப்பு அடங்கியது. அரசரின் முகம் வாடிவிட்டது. "இதைச் சொன்ன அதே வாய்தானே ஒட்டியாணத்தையும் சொன்னது. அதை நம்பி ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தேனே!" என்றார். பிறகு கோபம் பொங்கியது. "இந்த இடும்பராயன் தலையை..."

"தலை எதற்கு, அரசே? வழக்கப்படியே செய்வோம். காவலுள்ள ஊரில் எது தொலைந்தாலும் ஈடு கொடுப்பவர் யார்?"

"காவல் தலைவன்."

"பொன்னுரங்கம், உனக்கு என்ன தொலைந்தது?"

"கால்ல நடை போச்சு சாமி. தெருவுல பேரு போச்சு."

"கேட்டீர்களா? இவன் கால் தேறும்வரை தலைவனின் கால் ஈடு. இவன் பேர் திரும்பும்வரை தலைவனின் வாய் ஈடு. தோளில் இவனைச் சுமந்து தெருத்தெருவாக வளையல் விற்கட்டும்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கேயே தீர்ப்பை மாற்றினார். இனி யார் ஒப்புக்கொண்டாலும் காவலர் இல்லாத இடத்தில் அரசரே மறுபடி கேட்பார் என்றும் ஆணையிட்டார். ஒட்டியாணத்தைத் தேடப் புது ஆட்கள் போனார்கள். விளாரை வைத்துவிட்டுத் தேடியதில், அது சேனாபதி வீட்டு நெற்குதிருக்குள்ளேயே கிடைத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த அம்மாளே ஒளித்து வைத்து மறந்திருக்கிறாள்!

அரசர் அந்தப் பாக்குவெட்டியையே மாசிலாமணிக்குப் பரிசாக நீட்டினார்.

"வேண்டாம் அரசே. நான் வாங்கிக்கொண்டால் எனக்கும் ஒரு பாக்குவெட்டி இருந்ததாக ஆகிவிடும். அங்கம்மாளுக்குக் கொடுங்கள், மருந்துச் செலவுக்கு ஆகட்டும்."

மறுநாள் கடைத்தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தோளில் பொன்னுரங்கம், கையில் வளையல் கூடை, மீசையெல்லாம் வியர்வை. "இவர் திருடவில்லை! நான்தான் அடித்துச் சொல்ல வைத்தேன்! வளையலோ வளையல்!" என்று கூவிக்கொண்டு இடும்பராயன் வெட்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

தோளில் இருந்த பொன்னுரங்கம் குனிந்து அவன் காதில் சொன்னான்:

"மெதுவாப் போங்க எசமான். ஒரு வளையல் ஒடைஞ்சாலும் அதுக்கும் ஈடு நீங்கதான்."