கையைத் தொட்ட கம்பு

இதைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாவதோடு நின்றவள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எங்காவது பிசகினால் பிசகு என்னுடையது, செலினுடையது இல்லை.

செலின் எங்களுக்குக் கண்ணாடி கழுவச் சொல்லிக்கொடுத்தவள். என்னைவிடப் பதினேழு வயது சின்னவள். சிங்கப்பூரில் எட்டு வருடம் இதே வேலை பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர் திரும்பியவள். எங்கள் குழுவில் ஆறு பெண்கள். மற்றவர்கள் அவளை டீச்சர் என்பார்கள். எனக்கு அம்மிணி என்றுதான் வரும். அவள் என்னை அக்கா என்பாள். அதிகம் பேச மாட்டாள். ஒன்று கேட்டால் பாதி நாள் கழித்துப் பதில் வரும்.

நாங்கள் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு ஜன்னல் துடைக்கிறோம். மூன்று மாடி. வெளிப்பக்கத்துக்கு ஏணிதான் வைப்போம். போன வைகாசியில் சரோஜினி ஏணியிலிருந்து விழுந்தாள். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். இனி ஏணியை எடுத்தால் வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

தரையில் நின்றபடியே மாடி ஜன்னலைக் கழுவ ஒரு கம்பு இருக்கிறது என்றாள் செலின். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள். இழுத்தால் நீளும். உச்சியில் பிரஷ். ஓஸ் வழியாகத் தண்ணீர் பிரஷ் வரைக்கும் ஏறும். குழுவில் ஒரே ஒரு கம்பு வாங்குவது என்று முடிவானது. அது சரியில்லை என்றால் இரண்டாவது வாங்க வழி இல்லை. ஆறு பேர் வேலையும் போய்விடும். அந்த ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"எங்களுக்கெல்லாம் பயம் கிடையாது. நீதான் கரப்பான் பூச்சிக்கும் பயப்படுவே. நீ பாத்து எடுத்தா சரியா இருக்கும்," என்றாள் சரோஜினி, படுத்த வாக்கில்.

கடைக்காரர் இரண்டு கம்புகளை ஒரு நாளைக்குக் கொடுத்தார். ஒன்று மஞ்சள், கண்ணாடி நாரில் செய்தது. இன்னொன்று கறுப்பு, கார்பன் ஃபைபர்.

காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம், செலினும் நானும் மட்டும். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, நான் கேட்டேன்.

"ரெண்டுல எது நல்லது அம்மிணி?"

அவள் அண்ணாந்து பார்த்தபடி கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"மேல என்னத்தைப் பாக்கறே?"

"கரண்ட் கம்பி. கார்பன்ல கரண்ட் பாயும். நனைஞ்சுட்டா மஞ்சளையும் நம்ப முடியாதுங்க."

முன்பக்கம் ரோட்டோரமாகக் கம்பிகள் போயின. அந்தப் பக்கத்துக்கு எந்தக் கம்பையும் கொண்டு போகக் கூடாது என்றாள். அங்கே அறைக்கு உள்ளே நின்று கை எட்டுகிற வரைக்கும் துடைத்தால் போதும், எட்டாததை மேனேஜரிடம் தானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பின்பக்கம் மேலே வெறும் வானம். அங்கேதான் ஆரம்பித்தோம்.

ஒரு சின்ன மிஷினில் தண்ணீரை விட்டு, வெளியே வந்ததில் உப்பு காட்டுகிற மீட்டரை வைத்துப் பார்த்தாள். பூஜ்யம் வரும்வரை காத்திருந்தாள்.

"சிறுவாணித் தண்ணியவே கழுவறியா? வெளிய சொல்லாத, சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுங்க. இதுல உப்பு கிடையாது. காஞ்சா தடம் விழாது. கழுவிட்டு அப்படியே காய விடணும். துடைக்கக் கூடாதுங்க."

துடைக்கக் கூடாது என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். என் இடுப்பில் எப்போதும் ஒரு துணி இருக்கும். என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்தது. பன்னிரண்டு வருடம் துவைத்துத் துவைத்து, பிறந்த குழந்தை கன்னம் மாதிரி ஆகிவிட்ட துணி. கலாமணி துடைத்தால் அங்கே கண்ணாடி இருப்பதே தெரியாது என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார். படிப்பில்லாத எனக்கு அது ஒன்றுதான் பட்டம்.

முதலில் மஞ்சளைத் தூக்கினேன். கீழ்த்தளத்தில் சொன்னபடி கேட்டது. முதல் மாடிக்கு நீட்டியதும் கனத்தது. மூன்றாம் மாடிக்குப் போனதும் அதற்குத் தனிப் புத்தி வந்துவிட்டது. இந்த ஜன்னலுக்குப் போ என்றால் பிரஷ் பக்கத்து ஜன்னலுக்குப் போய் ஆடியது. ஐந்து நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது.

கறுப்பைத் தூக்கினேன். லேசாக இருந்தது. மூன்றாம் மாடியில் நிறுத்தினால் நின்றது.

"அப்ப கறுப்புதானே?"

செலின் ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆனா இவ்வளவு லேசா இருக்கே. உடைஞ்சு போச்சுன்னா?"

"இடிச்சா உடையும். நசுங்குனாலும் உடையும்."

"அப்ப மஞ்சளா?"

"அதுவும் உடையுங்க."

"கடைக்காரர் ஆறு மாடி எட்டற கறுப்பும் இருக்குன்னாரு. நாளைக்குப் பெரிய கட்டடம் கிடைச்சா?"

"நீளத்துக்குத் தகுந்த கனம். மூணு மாடிக்கு மூணு மாடிக் கம்பு போதும்."

"எதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு அம்மிணி. ஆறு பேரு பொழப்பு. சொல்லிட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"இன்னும் கொஞ்சம் கழுவுங்கக்கா," என்றாள்.

கழுவினேன். கீழ்த்தளத்து ஜன்னல்கள் சொட்டச் சொட்ட நின்றன. அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத் துணியை உருவி ஒரு கண்ணாடியை வழித்துத் துடைத்துவிட்டேன். கை தானாகப் போனது. மனசுக்கு அப்போதுதான் சமாதானம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மற்ற கண்ணாடிகள் எல்லாம் காய்ந்து பளிச்சென்று இருந்தன. நான் துடைத்ததில் மட்டும் மங்கலாக ஒரு வளைவு.

செலின் அதைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிரஷ்ஷை எடுத்து அந்தக் கண்ணாடியை மறுபடி கழுவினாள்.

வெயில் ஏறுவதற்குள் மேல்மாடிக்கு வந்துவிட்டோம். மூன்றாம் மாடியில் பின்பக்கம் நடுவில் இருக்கிற அறையில்தான் பத்து மணிக்குக் கண் கட்டுப் பிரிப்பார்கள். கட்டில் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும். கட்டுப் பிரித்ததும் முதலில் கண்ணில் படுவது எங்கள் கண்ணாடிதான். அன்றைக்கு லேத் பட்டறையில் வேலை செய்கிற ஒருவர். இரும்புத் தூள் தெறித்த கண். இன்னொரு கண் சின்ன வயதிலிருந்தே மங்கல் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

அந்த ஜன்னலைக் கழுவி முடித்தபோது மணி ஒன்பது ஐம்பது. அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடி முழுக்கச் சொட்டு. இது எப்போது காயும்? கண்ணைத் திறந்ததும் அந்த மனுசனுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஆபரேஷன் கெட்டுப்போனதாக நினைக்க மாட்டாரா?

"பாத்ரூம் போயிட்டு வந்தர்றேன் அம்மிணி."

அவள் தலையாட்டினாள். என் கையிலிருந்த கறுப்புக் கம்பை வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாடியும் படியேறினேன். நர்ஸும் டாக்டரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். என்னை அங்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கவாட்டில் தள்ளுகிற ஜன்னலில் பாதியைத் திறந்தேன். மூடிய பாதியின் வெளிப்பக்கம்தான் நனைந்திருந்தது. ஒரு முட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். வலது கையில் துணி. கை எட்டவில்லை. இடுப்பு வரைக்கும் வெளியே சாய்ந்தேன். இன்னும் ஒரு சாண்.

கீழே பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை. கரப்பான் பூச்சிக்குப் பயப்படுகிறவளுக்கு.

அப்போது ஏதோ ஒன்று என் வலது கையைத் தொட்டது. ஈரமாக, மெதுவாக.

பிரஷ்.

கீழேயிருந்து வந்து என் புறங்கையின் மேல் உட்கார்ந்திருந்தது. குத்தவில்லை, இடிக்கவில்லை. ஆடவும் இல்லை. கையைக் கண்ணாடியோடு சேர்த்து லேசாக அமர்த்திப் பிடித்தது, தூங்கும் குழந்தையின் கையை அமர்த்துகிற மாதிரி. கை நின்றதும் நானும் நின்றேன். அப்புறம் அது மெல்ல என் கையை ஜன்னல் சட்டத்துப் பக்கமாகத் தள்ளியது. ஒரு விரல் அகலம், இன்னும் ஒரு விரல் அகலம். நான் அதோடு போனேன். சட்டம் கைக்குக் கிடைத்தது. முட்டியை இறக்கினேன். கால் தரையைத் தொட்டபிறகுதான் கீழே எட்டிப் பார்த்தேன்.

எனக்குப் பின்னால் கட்டுப் பிரித்துவிட்டார்கள்.

"மழைங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். பட்டறைக்காரர் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார்.

"மழை இல்லீங்க," என்றேன். "ஜன்னல் கழுவுனோம். இன்னும் காயலை."

"ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாத் தெரியுது," என்றார். அப்புறம், "அதோ, அது இறங்குது பாருங்க," என்றார் டாக்டரிடம்.

துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்தேன்.

செலின் கம்பின் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு குழாயாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தாள்.  கடைசிக் குழாய் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்ல அம்மிணி?"

"சத்தம் போட்டிருந்தா திரும்பியிருப்பீங்கக்கா."

அவள் முகத்தைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் துடைக்கப் போனேன், அவளுக்கு வேர்த்திருந்தது. குனிந்து காட்டினாள். துடைத்துவிட்டேன்.

அப்புறம் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். புறங்கையில் இன்னும் ஈரம் இருந்தது. நான் இடுப்புத் துணியை எடுக்கப் போனேன். அவள் என் கையை விடவில்லை.

இரண்டு கம்புகளும் சுவரோரமாகப் படுத்திருந்தன.

"காலைல இருந்து கேக்கறீங்களே," என்றாள். "உங்களைத் தொட்டது எது?"

நான் கறுப்பைப் பார்த்தேன். இரண்டு பேரும் அப்படியே நின்றோம், என் கை காயும்வரை.

கறுப்பைத்தான் வாங்கினோம். மூன்று மாடிக்கு எட்டுவது. அது வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஊசி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடுப்புத் துணியை அவிழ்த்து, கம்பின் அடியில், கீழே நின்று கை பிடிக்கிற இடத்தில், இறுக்கிச் சுற்றித் தைத்துவிட்டேன்.